தாமதக் காரணம்

அயனாவரம் டிப்போவில் நான் டைம்கீப்பர்.
வண்டி எத்தனைக்கு வந்தது, எத்தனைக்குக் கிளம்பியது,
தாமதமென்றால் ஏன்.
பஞ்சர். ஊர்வலம். பிரேக் டவுன்.
ஓட்டேரியில் முழங்கால் தண்ணீர்.
பதினாறு வருடமாக
அடுத்தவர் தாமதத்துக்கெல்லாம் காரணம் எழுதிய கை.

மோனிஷா வந்தது ஆடி மாதம்.
ஒரு துணிப்பை, அளவு பெரிய செருப்பு,
குழந்தைகள் நலக் குழுவின் முத்திரை வைத்த
நாலு பக்க உத்தரவு.
ஓராண்டுக்கு என்றிருந்தது அதில்.
வீட்டு வாடகை ஒப்பந்தமே பதினோரு மாதம்தானே
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
எதற்குச் சொல்கிறேன் என்று தெரியாமல்.

முதல் வாரமே லீவு கேட்கப் போனேன்.
படிவத்தில் உறவுமுறை என்றொரு கட்டம்.
மகள் என்றால் பொய்.
பேனா அதற்கப்புறம் நகரவில்லை.
கிளார்க் சடகோபன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"பிரசவம்னா ரூல் இருக்கு, தத்துன்னா ரூல் இருக்கு,
இது என்னம்மா?" என்றார்.
கெட்டவர் இல்லை. சாப்பாட்டு நேரத்திலும்
அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.
கடைசியில் "சொந்த வேலை" என்று எழுதிக் கொடுத்தேன்.

குக்கர் விசிலடித்தால்
கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள்.
குக்கரைப் பரணில் போட்டேன்.
சோறு வடிக்க இருபது நிமிடம் கூடுதல்;
அதை என் தூக்கத்திலிருந்து எடுத்தேன்,
வேறெங்கே கிடைக்கும்?
தலையணைக்கடியில் பாதி பன், எறும்பு வரிசை.
ஒன்றும் சொல்லவில்லை.
மூடிபோட்ட டப்பா ஒன்று வாங்கி
அதே இடத்தில் வைத்தேன்.

"எத்தனைக்கு வருவே?"
ஷூ மாட்டும்போது தினமும் இது.
அம்மா இல்லை, ஆன்ட்டி இல்லை,
என்னை எதுவென்றும் கூப்பிட மாட்டாள்.
வினைச்சொல்லே போதும் அவளுக்கு.
"ஆறு பத்து" என்பேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள்
மூன்று 29C ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.
என்னை மாற்ற வேண்டிய ஆள் ஆவடியில் மாட்டிக்கொண்டார்.
கீழ் வீட்டு ஹசீனா தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினாள்:
"சாப்பிட்டுச்சுக்கா.
ஆனா படியிலயே உக்காந்திருக்கு, மேல வரமாட்டேங்குது."
ஒரு காதில் அவள்,
மறு காதில் கத்துகிற கண்டக்டர்.
கை மட்டும் எழுதியது: மழை, மழை, மழை.

பள்ளி விடுமுறையில் ஒருநாள்
டிப்போ ஸ்டூலில் என் பக்கத்தில் இருந்தவள்
பதிவேட்டை எப்போது படித்தாளோ.
தை மாதம் வெள்ளையடிக்க வந்த ஆள்தான் கூப்பிட்டுக் காட்டினார்.
கதவுக்குப் பின்னால், அவள் உயரத்தில், பென்சிலில்:

சொன்னது 6.10 வந்தது 6.52 மழ
சொன்னது 6.10 வந்தது 6.15 பரவால்ல
சொன்னது 6.10 வந்தது 8.05 ஆலு வரல
சொன்னது 6.10 வந்தது 5.40

இந்த வரிக்கு மட்டும் காரணம் இல்லை.
எழுதி, அழித்து, திரும்ப எழுதி
அழித்த இடம் பழுப்பாகியிருந்தது.
சீக்கிரம் வருவதற்கு
என்ன காரணம் இருக்க முடியும் என்று
யோசித்திருக்கிறாள்.
அந்தக் கதவுக்கு வெள்ளை வேண்டாம் என்று சொன்னேன்.
பெயிண்டர் அரைக் கதவுக்குக் காசு குறைக்கவில்லை.

இப்போது மாசி.
அவளுடைய அம்மா தேறி வருகிறாளாம்,
ஊதுபத்தி கம்பெனியில் வேலைகூடக் கிடைத்திருக்கிறதாம்.
நல்ல செய்தி.
பஸ்ஸில் வரும்போது அதை இரண்டு முறை
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

நாளை கெல்லீஸில் குழு கூப்பிட்டிருக்கிறது.
படிவத்தை நீட்டியதும்
சடகோபன் எந்தக் கட்டத்தையும் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

"நாளைக்கு எனக்கு அரைநாள் லீவு" என்றேன்,
அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே.
தலை அசையவில்லை. ரிப்பன் நுனி மட்டும்
அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ந்தது.

"அரைநாள்னா எந்த அரை?"